முதியோர் கூடத்துக்கு மாநகராட்சியே பணம் ஒதுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்புச்சோலை மையங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதியவர்கள் பகலில் வந்து உட்கார, பேச, சாப்பிட என்று மாநகராட்சிப் பகுதிகளில் 25 மையங்கள், அதற்கு 10 கோடி ரூபாய் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு மையத்துக்குச் சராசரியாக 40 லட்சம் வருகிறது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் தமிழ்நாடு முழுவதுக்கும் 25 என்றால் அது எந்த மூலைக்கு? காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, எங்கள் கோட்டையூரும் பக்கத்துக் கண்டனூரும் அதற்குள் வந்தாகிவிட்டது, எங்கள் வரியும் அங்கேதான் போகிறது. சென்னையிலிருந்து வரும் என்று காத்திருக்காமல் மாநகராட்சியே தன் பட்ஜெட்டில் பகுதிக்கு ஒரு முதியோர் கூடம் என்று எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வசதிதான் ஞாபகம் வருகிறது. இங்கே தெருவில் நடந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வளவு என்று நாங்கள் சொல்லும் பெரிய வீடு முழுக்கப் பூட்டிக் கிடக்க, ஒரே ஒரு அறையில் ஆச்சி இருப்பார், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. அவருக்குச் சமைத்துப் போட வருகிற அம்மாவுக்கும் வயது 65 தாண்டியிருக்கும், அந்த அம்மாவின் பிள்ளைகள் திருப்பூரில். ஆச்சிக்குப் பணக் கவலை இல்லை. சமையல் அம்மாவுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,200 ரூபாய், அதிலும் மத்திய அரசின் பங்கு 80 வயது ஆகும்வரை வெறும் 200. ஆனால் சாயங்காலம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் பேச ஆள் கிடையாது.

கொரோனா சமயத்தில் எங்கள் தெருவுக்கு வீடு வீடாக வந்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வயது என்ன, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அன்றைக்கு உள்ளாட்சிக்குத் தெரிந்திருந்தது. இளைஞர்கள் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, சில பேர் தினமும் போன் செய்து விசாரித்தார்கள். ஊரடங்கு போனதும் அதெல்லாம் நின்றுபோனது. அவரவர் பிழைப்பு அவரவருக்கு, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் முதியவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. அப்போது நடையை நிறுத்தியவர்கள் பலர் மறுபடி நடக்கவே இல்லை, கூடவே கோயிலுக்கு வந்துகொண்டிருந்த சிநேகிதி இறந்துபோனதோடு கோயிலுக்குப் போவதையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். ரயிலில் முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள், அது திரும்பி வரவில்லை, பல்லவன் ரயிலில் சென்னைக்கு மருத்துவம் பார்க்கப் போகிறவர்கள் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போகிறார்கள். ஆனால் அது டெல்லியில் தீர வேண்டிய விஷயம், இங்கே மாநகராட்சியிடம் கேட்கக்கூடியதைக் கேட்கிறேன்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது, 70 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே ரேஷன் போக ஆரம்பித்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் மெதுவாகவாவது நடக்க முடிகிறவர்களுக்கு மாத்திரையும் அரிசியும் வாசலுக்கே வந்துவிட்டால், வீட்டை விட்டு வெளியே வர இருந்த கடைசிக் காரணமும் போய்விடுகிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றாவது நாலு வார்த்தை பேசினார்கள். அதனால் வீட்டுக்கு வரும் சேவைகளோடு, அவர்கள் போய்ச் சேர ஒரு இடமும் வேண்டும்.

சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலேயே இப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன, உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது, தனியாக இருப்பவரைப் போய்ப் பார்த்து வருவது என்று எல்லாம் நடக்கிறது, பெருந்தொற்றுக்குப் பிறகு அதை இன்னும் பெருக்கினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தில் வயோமித்ரம் என்ற திட்டம் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 65 வயது கடந்தவர்களுக்கு நடமாடும் மருத்துவமனையும் இலவச மருந்தும் தருகிறது.

இங்கே புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சமுதாயக்கூடங்கள் முகூர்த்த நாள் போக மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று பழைய வீடு எதையும் வாடகைக்குப் பிடித்துவிட வேண்டாம், செட்டிநாட்டு வீட்டுப் படி ஏற இந்த வயதில் யாராலும் முடியாது. கைப்பிடியோடு ஒரு சாய்தளம், உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறை, உப்பும் காரமும் குறைத்து மகளிர் குழு சமைக்கும் மதியச் சாப்பாடு, வாரம் ஒரு நாள் செவிலியர், கோட்டையூர் மாதிரித் தள்ளி இருக்கும் இடங்களுக்கு ஒரு வேன். இதையெல்லாம் விட முக்கியமாக, தினமும் வருகிற ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும். இது பெண்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சாவது இருக்கிறது.

நம் ஊரில் தர்மம் செய்ய ஆளா இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறார்கள், ஊரடங்கிலும் செய்தார்கள், இனியும் செய்வார்கள். ஆனால் தர்மம் நின்றுபோனால் யாரிடமும் போய் ஏன் என்று கேட்க முடியாது. வரிப்பணத்தில் நடக்கும் கூடம் ஒரு நாள் பூட்டியிருந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், அந்த உரிமை சமையல் அம்மாவுக்கும் உண்டு.

அடுத்த மாநகராட்சி பட்ஜெட்டில் முதலில் ஒரு கூடத்துக்காவது பணம் ஒதுக்கட்டும். அதற்கு முன்னால் நம் கவுன்சிலர்கள் அந்தப் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்து, அவரவர் வார்டில் தனியாக இருப்பவர்கள் யார் என்று ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்