எந்தக் கப்பல் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் போகப்போகும் சுற்றுலாக் கப்பல் பயணத்துக்கு நீ அனுப்பிய மூன்று விலையையும் அப்பாவும் நானும் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்தோம். பெரிய கப்பலில் பால்கனி அறை, அதைவிடக் கூடின விலையில் ஆயிரம் பேருக்குள் ஏறும் சின்னதான நடுத்தரக் கப்பல், அப்புறம் எல்லாவற்றையும் டிக்கெட்டிலேயே சேர்த்துவிடும் அந்த உச்ச விலைக் கப்பல். கூடுதலாகக் கொடுப்பது தகுமா, வெட்டிச் செலவா என்று கேட்டிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடு, ஆனால் நடுவில் இருப்பதற்குக் கொடு. உச்சத்தில் இருப்பது உங்கள் இருவருக்கும் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு, அவருக்கு வேறு கணக்கு இருந்தால் சொல்லட்டும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு வரி எழுதியிருந்தாய், அதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடு. டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு 1914-இல் வந்த சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, பல தடவை திருத்தி இப்போது 1974-ஆம் ஆண்டு வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது. உயிர்காக்கும் படகு, தீயணைப்பு, பயணிகளுக்கான ஒத்திகை எல்லாம் அதன்படிதான், மலிவான கப்பலுக்கும் அதே விதிகள்தான். சுத்தமும் அப்படியே. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அங்குள்ள நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சோதித்து முடிவை வெளியிடுகிறது. விலையைப் பார்த்து ஊகிப்பதைவிட அந்த முடிவைத் தேடிப் பார்ப்பது மேல். அது மட்டுமில்லை, மலிவான கம்பெனியும் விலை உயர்ந்த கம்பெனியும் பல நேரம் ஒரே குடும்பம்தான். சில்வர்சீ ராயல் கரீபியன் குழுமத்துடையது, சீபோர்ன் கார்னிவலுடையது, ரீஜென்ட்டும் ஓஷியானியாவும் நார்வீஜியனோடு ஒரே குழுமத்தில் இருக்கின்றன. ஆக, நீ கொடுக்கப்போகும் கூடுதல் பணம் வேறு எதற்கோ போகிறது. எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். உன் பட்டியலில் மூன்று டிக்கெட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறாய், அப்படிப் பார்த்தால் பெரிய கப்பல் எப்போதும் கொள்ளை மலிவாகத்தான் தெரியும், ஏனென்றால் பாதிச் செலவு ஏறின பிறகுதான் ஆரம்பிக்கிறது. டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அவர்களே அறைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். 18 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு பேருக்கு ஏழு இரவுக்கு 252 டாலர் ஆகிவிடும். வைஃபைக்குத் தனி. பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் தவிர மற்ற ரெஸ்டாரண்டுகளில் பலவற்றுக்குத் தனி. குடிக்கிற எதற்கும் விலைக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அப்புறம் ஒவ்வொரு துறைமுகத்திலும் பஸ்ஸில் கூட்டிப்போகும் டூருக்குத் தனி, மொத்தத்தில் பெரிய தொகை இதுதான். கடைசி ராத்திரி அறைக் கதவுக்கு அடியில் ஒரு பில்லைத் தள்ளிவிட்டுப் போவார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த தம்பதிகளை எதிர் அறையிலும் பக்கத்து அறையிலும் பார்த்திருக்கிறேன், நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

பெரிய கப்பல் டிக்கெட் 100 என்று வைத்துக்கொள், இதெல்லாம் சேர்ந்தால் 150, 160 ஆவது ஒன்றும் கஷ்டமில்லை. நடுத்தரக் கப்பலில் இந்தக் கூடுதல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே அடங்கிவிடும். வைகிங் என்ற கம்பெனியின் கடல் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு டூர், வைஃபை, எல்லா ரெஸ்டாரண்டும், மதியமும் இரவும் சாப்பாட்டோடு பீரும் வைனும் எல்லாம் டிக்கெட்டில் வருகிறது, எல்லா அறைக்கும் பால்கனியும் உண்டு. ஓஷியானியாவிலும் ரெஸ்டாரண்டுகளுக்குத் தனிக் காசு இல்லை. ஆகவே இரண்டு மடங்கு வித்தியாசம் என்று நீ பயந்தது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவ்வளவு இருக்காது. நீயே ஒரு தாளில் போட்டுப் பார். உங்களுக்கு வேண்டியதை மட்டும் போடு. மாப்பிள்ளை மதுவைத் தொடுவதில்லை, நீயும் எப்போதாவது ஒரு கிளாஸ், அப்படியிருக்கப் பானங்களுக்கு மொத்தமாகக் காசு கட்டும் குடி பேக்கேஜ் உங்கள் கணக்கில் வரவே கூடாது. பல கம்பெனிகளில் ஒரு அறையில் ஒருவர் அதை வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும், அதையும் தெரிந்துகொள்.

இதே காரணத்தால்தான் உச்ச விலைக் கப்பல் வேண்டாம் என்கிறேன். ரீஜென்ட்டில் டூர், டிப்ஸ், மது எல்லாம் உள்ளடக்கம், சில்வர்சீயில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பட்லர். நல்லதுதான், எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்து அடுக்கிவைக்க ஒருவர் வந்து நின்றால் நீ கூச்சப்பட்டுக்கொண்டு அவருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா உன்னை? ஊற்றாத ஷாம்பெயினுக்கும் பயன்படுத்தாத பட்லருக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. அதையெல்லாம் ஆசையாக அனுபவிக்கிறவர்களுக்கு அது நியாயமான விலை, உங்களுக்கு இல்லை.

சரி, அப்படியானால் நடுத்தரக் கப்பலில் மிச்ச வித்தியாசத்துக்கு என்ன வாங்குகிறாய்? கூட்டம் குறைவு, அதனால் கரையில் கூடுதல் நேரம். எனக்கு இதுதான் முக்கியம், மற்ற எதையும்விட.

2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் அறைக்கு இரண்டு பேர் என்று பார்த்தாலே 5,610 பேரை ஏற்றுகிறது, எல்லாக் கட்டிலும் நிறைந்தால் 7,000-ஐத் தாண்டிவிடும். வைகிங்கின் கப்பலில் ஆயிரம் பேர் கூட இல்லை. அஸமாரா என்ற இன்னொரு கம்பெனியின் கப்பலில் சுமார் 700 பேர். கப்பலுக்குள் இந்த வித்தியாசம் உனக்கு அவ்வளவாகத் தெரியாமலே போகலாம், ஏனென்றால் பெரிய கப்பல்களில் ஆட்களைப் பிரித்து அனுப்புவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இறங்கும்போது தெரியும்.

கிரீஸில் இருக்கும் சான்டொரினித் தீவுக்கு அப்பாவும் நானும் ஒரு பெரிய கப்பலில் போனதைச் சொல்கிறேன். அங்கே கப்பல் கரையோடு ஒட்டி நிற்க முடியாது, கடலில் நிறுத்திவிட்டு டெண்டர் படகில்தான் போக வேண்டும். விடிந்ததும் விடியாததுமாகக் கப்பல் நின்றுவிட்டது, எங்களைத் தியேட்டரில் உட்காரவைத்துச் சட்டையில் ஒரு நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். கம்பெனி டூர் வாங்கியவர்களுக்கு முதல் படகுகள், எங்களைப் போலத் தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு அதற்கப்புறம். தொப்பியும் செருப்பும் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் நின்ற பெண் அடுத்த நம்பரைக் கூப்பிடுவாளா என்று பார்த்துக்கொண்டே பாதிக் காலை போய்விட்டது. கரையில் இறங்கினால் கேபிள் காருக்கு இன்னொரு வரிசை, வேண்டாமென்றால் ஏறக்குறைய 600 படி. அப்பாவின் முட்டிக்குப் படி ஏது! மேலே ஃபிரா ஊருக்குப் போய் எரிமலை வாயைச் சுற்றி நிற்கும் அந்தக் கருஞ்சிவப்புப் பாறைச் சுவரையும் வெள்ளை வீடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றபோது, கீழே இறங்கவும் இதே வரிசை இருக்குமே என்ற நினைப்புதான் மனதில். நாலு சந்து நடந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் உலகமே அங்கே போகிறது, எங்கள் கப்பல் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது.

கேபிள் கார் வரிசை சின்னக் கப்பலில் வருகிறவர்களுக்கும் உண்டு, எந்த டிக்கெட்டும் அதை மாற்றாது. ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் போதும் என்று அந்தத் தீவே வரம்பு வைக்க வேண்டி வந்ததென்றால் பார்த்துக்கொள். ஆனால் அஸமாரா மாதிரிக் கம்பெனிகள் பல இடங்களில் ராத்திரி வரை நிற்கும், சில இடங்களில் ராத்திரி முழுக்க நிற்கும். பெரிய கப்பல்கள் போன பிறகு ஊர் அந்த ஊர்க்காரர்களிடம் திரும்பிவிடும், அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் உங்கள் பணத்துக்கான பலன். மாண்டினீக்ரோவில் கோட்டோர் இருக்கிறதே, அங்கே சின்னக் கப்பல் பழைய ஊரின் மதிலுக்கு எதிரிலேயே கட்டி நிற்கும், இறங்கி ரோட்டைக் கடந்தால் கோட்டை வாசல். பெரிய கப்பல் நடுவில் நங்கூரம் போட்டுப் படகு விட வேண்டியிருக்கும். முட்டி வலிக்காத வயதில் இருக்கிறீர்கள், அந்தக் கோட்டைப் படிகளை ஏறிவிட்டு வாருங்கள்.

அதனால் ஒரு வேலை செய். ஒவ்வொரு கப்பலின் பயணத் திட்டத்தையும் எடுத்து, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வந்து சேரும் மணியையும் கிளம்பும் மணியையும் எழுது. டெண்டர் படகு என்று போட்டிருந்தால் பெரிய கப்பலுக்கு இரண்டு மணி நேரத்தைத் தள்ளிவிடு. கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கூட்டிப் பார். நீங்கள் இருவரும் போவது ஊர்களைப் பார்க்க, நீச்சல் குளத்தில் சறுக்கு விளையாட இல்லை. நேரம் கூடவில்லையென்றால் விலை கூடிய கப்பல் எதற்கு?

கூடின விலையும் சிலவற்றைச் சரிசெய்யாது. பயணத் திட்டத்தில் வெனிஸ் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ரவென்னா என்று இருக்கிறதா பார். 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் வெனிஸின் ஜுடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது, உன் நடுத்தரக் கப்பலும் அந்த அளவைத் தாண்டியதுதான். ரவென்னாவிலிருந்து வெனிஸுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரமாவது ஆகும். ரோம் என்றால் இறக்கிவிடும் துறைமுகம் சிவிடவெக்கியா, ஃப்ளாரன்ஸ் என்றால் லிவோர்னோ, இரண்டிலிருந்தும் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், எந்தக் கப்பலில் போனாலும். அறை பெரிதாக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதே. அஸமாராவின் கப்பல்களும் ஓஷியானியாவின் சின்னக் கப்பல்களும் இருபது வருஷத்துக்கு மேல் பழையவை, சாதாரண அறைகளில் குளிக்கும் இடம் தோள் இடிக்கிற அளவு. வைகிங்கில் அது விசாலம்.

மாப்பிள்ளை கேட்டாரே, பெரிய கப்பலுக்குள்ளேயே தனி வாசல், தனிக் குளம், தனி ரெஸ்டாரண்ட் வைத்துத் தரும் அறைகள், எம்எஸ்சியில் யாட் கிளப் என்றும் நார்வீஜியனில் ஹேவன் என்றும் சொல்வது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், பிள்ளைகளுக்குச் சறுக்கும் கிடைக்கும், பெரியவர்களுக்கு அமைதியும் கிடைக்கும். படகில் ஏறவும் முன்னுரிமை உண்டு. ஆனால் கப்பல் கிளம்பும் மணி மாறாது. உங்களுக்கு அது பொருந்தவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், சின்னக் கப்பல் அலையில் கூடுதலாகவே ஆடும். உனக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும். அதனால் அறை கப்பலின் நடுவில், கீழ்த் தளங்களில் ஒன்றில் இருக்கட்டும். முன்பக்கம் வேண்டவே வேண்டாம், ஆட்டமும் அதிகம், காலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தத்தில் தூக்கிவாரிப்போடும். பஃபேக்கும் நீச்சல் குளத்துக்கும் நேர் கீழேயும் வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அப்புறம், இந்தக் கப்பல்களில் பெரும்பாலும் எங்கள் வயசுக்காரர்கள்தான், வைகிங்கில் 18 வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்றுவதே இல்லை, சூதாட்டக் கூடமும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் அடங்கிவிடும். நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தால் உங்களுக்கும் அந்நேரம் தூக்கம் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஆட்டம் பாட்டம் வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை இருந்தால் இப்போதே கேட்டுவிடு.

கடன் வாங்கிப் போகிற மாதிரி இருந்தால் நடுத்தரக் கப்பலையும் இந்த விலையில் எடுக்க வேண்டாம், அதே கம்பெனியில் கூட்டம் குறைந்த மாதத்தில், ஏப்ரலிலோ அக்டோபர் கடைசியிலோ தேடு. அடித்துவிட்டு எழுதியிருக்கும் பழைய விலையை நம்பி அவசரப்படாதே, அந்த விலையில் யாரும் வாங்குவதில்லை. மொத்தப் பணத்தையும் பயணத்துக்குச் சில மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள், அதற்குப் பிறகு ரத்து செய்தால் பிடித்துக்கொள்வது நாளுக்கு நாள் ஏறும், ஆகவே இன்சூரன்ஸை முன்பணம் கட்டும்போதே எடுத்துவிடு. கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவையும் அது ஏற்கிறதா என்று படித்துப் பார்த்து எடு.

கரையில் கிடைக்கும் மணிக்கணக்கைப் போட்டு எனக்கு அனுப்பு. அறை நம்பரையும் முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிடு, டெக் படத்தில் அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று அப்பா பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா