என்னைத் துபாய்க்கு அனுப்பி வைத்தவர்களுக்கு

தாராவி 90 அடி ரோட்டு மக்களுக்கும், மாட்டுங்கா பார்லர் அக்காவுக்கும், என் நைட் ஸ்கூல் டீச்சருக்கும் வணக்கம்.

துபாயில் ஒரு லேடீஸ் சலூனில் ஹேர் ஸ்டைலிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து, முதல் பெருநாள் கூட்டத்தையும் சமாளித்துவிட்டேன். கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் எனக்கு வாயே வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் யாராவது விட்டுப்போவார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, என்னைப் போக விடாமல் தடுத்த அண்ணாச்சிக்கு.

போன வருஷம் ஒரு ஏஜெண்ட் ஒன்றே கால் லட்சம் கேட்டார். "விசிட் விசாவில் போய் இறங்கு, வேலை விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். வீட்டில் பாதிப் பணம் புரட்டியாகிவிட்டது. அண்ணாச்சி வளைகுடாவில் பல வருஷம் இருந்து வந்தவர். அவர் சத்தம் போடவில்லை. "அவன் லைசென்ஸ் நம்பரை வாங்கிட்டு வா" என்றார், அவ்வளவுதான். அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் நம்மிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். விசிட் விசாவில் போய் வேலை பார்த்தால் அங்கே குற்றம். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் போய்க் கேட்கவும் முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அண்ணாச்சி மேல் கொஞ்ச நாள் வருத்தம்தான். காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று.

அப்புறம் நல்ல வேலை வந்தபோதும் அவர்தான் உட்கார்ந்தார். அமீரகத்தில் வேலை ஆஃபர் கடிதம் தமிழிலும் கிடைக்கும். அதை வரி வரியாகப் படித்துவிட்டு, அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். மொத்தத் தொகை பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பெரும்பகுதி அலவன்ஸ். வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. அலவன்ஸ் அதில் சேராது. கேட்டுப் பார்த்தோம், மொத்தத்தை மாற்றாமல் அடிப்படையை ஏற்றிக் கொடுத்தார்கள். விசா செலவு, ஆள் எடுக்கிற செலவு எல்லாம் முதலாளி பொறுப்பு என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒன்றே கால் லட்சத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டீச்சர், ஒன்பதாவதோடு நின்ற என்னை, தனித்தேர்வர்களுக்கான 17ஆம் நம்பர் ஃபார்ம் போட்டு, எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாவது பரீட்சை எழுத வைத்தீர்கள். "முடி வெட்டுவதற்கு அல்ஜீப்ரா எதுக்கு டீச்சர்?" என்று கேட்டபோது நீங்கள் பதில் சொல்லாமல் சிரித்தீர்கள். பதில் பாஸ்போர்ட் ஆபீஸில் கிடைத்தது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று விழும். அது விழுந்தால் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும், அதிலும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு 26. நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் நாலு வருஷம் மாட்டுங்காவில் தலை குளிப்பாட்டிக்கொண்டிருப்பேன்.

அக்கா, உங்களுக்கு எதைச் சொல்ல, எதை விட? கத்தரியைக் கையில் கொடுக்கவே அத்தனை மாதம் இழுத்தீர்கள். அதுவரை தரை கூட்டுவதும் ஷாம்பூ போடுவதும்தான். கொடுத்த பிறகும் முடியைத் தொட விடவில்லை. மோதிர விரல் அசையக் கூடாது, கட்டை விரல் மட்டும் திறந்து மூட வேண்டும் என்று வெறுங்காற்றை வெட்ட வைத்தீர்கள். கலர் போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் காது பின்னால் கொஞ்சம் கலரைத் தொட்டு வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் எந்த வாடிக்கையாளரையும் நாற்காலியில் உட்கார விடமாட்டீர்கள். பக்கத்துக் கடைகள் அதையெல்லாம் பார்த்துச் சிரிக்கும்.

இங்கே ஒரு நாள் இடுப்பு வரை முடி வைத்த ஒரு அம்மா வந்தார். நரைக்கு மருதாணிதான் போடுவேன் என்றார், இப்போது ஹைலைட் வேண்டுமாம். நீங்கள் சொன்ன மாதிரி பின்கழுத்திலிருந்து பத்துப் பதினைந்து முடியை மட்டும் எடுத்து, நிறம் வெளுக்க வைக்கிற பெராக்சைடு கலவையில் போட்டுக் கிண்ணத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் கையில் சுட்டது, முடி பச்சையடித்தது. பாக்கெட் மருதாணி சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், பெராக்சைடு பட்டால் கொதிக்கும் என்று நீங்கள் சொன்னதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஹைலைட் வேண்டாம் என்று சொல்லி, ப்ளோ டிரை மட்டும் செய்து அனுப்பினேன். அவர் இப்போது என்னைத்தான் கேட்டு வருகிறார்.

நம் சால் (வரிசை வீடுகள்) பெண்களே, துபாய் சலூன்காரர்கள் நான் முடி வெட்டுகிற வீடியோ கேட்டார்கள் என்றதும் ஆளுக்கு ஆள் தலையைக் கொடுத்தீர்களே! அந்த மழைக்காலம் முழுக்க நம் சாலில் எல்லோருக்கும் ஒரே லேயர் கட். பெரியம்மா மட்டும் "கத்தரி பட்டா கொன்னுடுவேன், ஊதி விடு போதும்" என்றார். தண்ணீர் டிரம் மேல் ஏறி நின்று வீடியோ எடுத்த தம்பிக்கு ஒரு ஹெட்போன் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை. சீட்டை முதலில் என்னை எடுக்க விட்ட குழு அக்காமார்களுக்கும் நன்றி. தவணை மாதா மாதம் அம்மா கையில் வந்துவிடும்.

"பொம்பளைப் பிள்ளையை முடி வெட்டவா வெளிநாட்டுக்கு அனுப்புறே?" என்று ஊரிலிருந்து போன் வந்தபோது, "தலை இருக்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்ட அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள். சொல்லவில்லை.

இங்கே என் அறையில் இருக்கும் நாகர்கோவில் அக்கா, முனிசிபாலிட்டி ஹெல்த் கார்டு எடுக்க முதல் வாரமே கூட்டிப்போனார். சலூனில் வேலை பார்க்க அது கட்டாயம். "கசீர்" என்றால் குட்டை, "தவீல்" என்றால் நீளம், "ஷ்வை" என்று சொல்லிக்கொண்டே விரலால் காட்டினால் நுனி மட்டும் என்று பாடம் எடுத்ததும் அவர்தான். பாதிப் பேர் "ஷ்வை" என்று சொல்லிவிட்டு அரை முழம் காட்டுகிறார்கள், அது வேறு கதை.

அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. நம் நாக்கா (முச்சந்தி) பக்கத்துப் பெண் ஒருத்தி, தனக்கும் பார்லர் வேலை வந்திருக்கிறது, அடுத்த வாரம் பணம் கட்டப் போகிறேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறாள். தாளைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வையுங்கள்.