பள்ளிக்கூட ஹாலை ஒரே ஒரு சனிக்கிழமைக்குக் கொடுங்கள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். போன கூட்டத்தில், படைவீரர்களுக்குக் குயில்ட் என்ற போர்வை தைக்க நான் ஹால் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "நல்ல விஷயம்தான் அக்கா, ஆனா சங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அங்கேயே பதில் தட்டலாம் என்று உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இந்த மடல். வேறு ஊர்ச் சங்கங்களிலும் யாராவது இதையே கேட்டு இதே பதிலை வாங்கியிருக்கக்கூடும் என்பதால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான். பிப்ரவரி முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, தமிழ்ப் பள்ளி நடக்கும் ஹால். நம் பள்ளி ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமைகளில் பொங்கல் விழா நடன ஒத்திகை இல்லாவிட்டால் அந்த ஹால் சும்மாதான் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின்களைப் போட்டு, அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் குயில்ட் தைக்கப் போகிறோம். அந்தத் தேதி என் ராசிக்குப் பார்த்த நாள் இல்லை. அமெரிக்கா முழுக்க 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்பின் தொண்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து தைக்கும் நாள் அது.

குயில்ட் என்றால் என்ன என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். "கம்ஃபர்டர்தானே?" என்றார். இல்லை. துண்டுதுண்டாக வெட்டிய பருத்தித் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மேல் துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே ஒரு அடித்துணி. மூன்றும் நகராதபடி மேலிருந்து கீழ்வரை நூல் ஓட்டி, சுற்றிலும் பட்டி பிடித்தால் அதுதான் குயில்ட். நம் பாட்டிமார் நைந்துபோன நூல்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைக்கு விரித்தார்களே, அதற்குச் சீமை அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கரூர்க்காரி. அமெரிக்காக்காரர்களின் கட்டிலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் விரிப்பு நெய்து கப்பலேற்றிய ஊரில் வளர்ந்தவள். கட் பீஸ் மூட்டையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இங்கே வந்து முதன்முதலாகக் குயில்ட் கடைக்குள் நுழைந்தபோது, நாங்கள் கிலோக்கணக்கில் விற்ற துண்டுத் துணியை ரிப்பன் கட்டி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். விலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

குயில்ட்ஸ் ஆஃப் வேலர் தொடங்கிய கதையும் ஒரு அம்மாவிடமிருந்து வருவதுதான். 2003இல் டெலவேர் மாநிலத்தில் இருந்த கேத்தரின் ராபர்ட்ஸ் என்பவரின் மகன் இராக்கில் போரில் இருந்தார். அப்போது அந்த அம்மாவுக்கு ஒரு கனவு. நடுராத்திரியில் கட்டில் ஓரத்தில் ஒரு இளைஞன் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான், போரின் பேய்கள் அவனைச் சுற்றி நிற்கின்றன. அடுத்த காட்சியில் அவன் தோளைச் சுற்றி ஒரு குயில்ட், முகம் தெளிந்திருக்கிறது. கனவிலிருந்து எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷம் நவம்பரிலேயே வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கில் கால் போன மின்னசோட்டா இளைஞர் ஒருவருக்கு முதல் குயில்ட் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அந்தக் கணக்கு 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லாம் வீட்டுக் கூடங்களிலும் சர்ச் அறைகளிலும் நூலகத்தின் பின்னறைகளிலும் தைத்தவை. யாருக்கு வேண்டுமென்று யாரும் பெயர் கொடுக்கலாம். குயில்ட்டைப் பெறுபவர் ஒரு காசு தரவேண்டியதில்லை. துணி, பேட்டிங், நூல் எல்லாம் தைப்பவர் பாடு. நல்ல துணியில் செய்தால் ஒரு குயில்ட்டுக்கு நூற்றைம்பது டாலர் சுலபமாகப் போய்விடும். அதனால்தான் கூட்டாகச் செய்வது.

நான் இதில் சேர்ந்த முதல் வாரமே மூக்குடைபட்டேன். நாற்பது வருஷமாகத் தைக்கிறோம், ரவிக்கை தைத்த கைக்கு நாலு சதுரம் ஒட்டுவது என்ன பெரிய வித்தையா என்ற நினைப்பு. குயில்ட்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். கால் என்றால் கால்தான். ரவிக்கையில் ஒரு நூல் கூடக்குறைய இருந்தால் உடம்பு அனுசரித்துக்கொள்ளும், சதுரம் அனுசரிக்காது. நான் ஒவ்வொரு தையலிலும் நூலளவு அதிகம் பிடித்திருக்கிறேன். ஒரு வரிசைக்கு ஐந்து சதுரம், ஒவ்வொரு சதுரத்திலும் நாலு துண்டு. வரிசையை முடித்துப் பக்கத்து வரிசையோடு வைத்துப் பார்த்தால் இரண்டு அங்குலம் குறைகிறது! என் பக்கத்தில் இருந்த எழுபத்தெட்டு வயது அம்மையார் ஒன்றும் சொல்லாமல் தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து என் முன்னால் வைத்தார். அன்று முழுக்கப் பிரித்தேன். அப்புறம் மெஷினின் தகட்டில் கால் அங்குலத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டிக்கொண்டேன். இப்போதும் ஒட்டியிருக்கிறது.

சாதாரணமாக அறுபதுக்கு எண்பது அங்குலம் அளவில் செய்வோம். பன்னிரண்டு அங்குலச் சதுரம் முப்பது போட்டு, சுற்றிலும் நாலங்குலக் கரை வைத்தால் அறுபத்தெட்டுக்கு எண்பது. ஆறடி ஆள் கால் நீட்டிப் போர்த்திக்கொள்ளலாம். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுவதற்கு லாங் ஆர்ம் என்ற பெரிய மெஷின் வைத்திருக்கும் தொண்டர்கள் தனியாக இருக்கிறார்கள். நாம் மேல் துணியை முடித்துக் கொடுத்தால் போதும். கடைசியில் பட்டியைக் கையால் எம்மிங் பண்ணி, சாயம் போகிறதா என்று ஒருமுறை துவைத்துப் பார்த்து, அதே துணியில் தைத்த தலையணை உறைக்குள் மடித்து வைத்துக் கொடுக்கிறோம். பின்பக்க மூலையில் ஒரு லேபிள் இருக்கும். யாருக்கு, யார் ஒட்டியது, யார் ஓட்டியது, யார் பட்டி பிடித்தது என்று பெயர்கள்.

இவர்கள் 'கிஃப்ட்' என்று சொல்வதில்லை. 'அவார்ட்', அதாவது விருது என்பார்கள். அந்த வித்தியாசம் எனக்கு முதலில் புரியவில்லை, கொஞ்சம் பந்தாவாகக்கூடத் தெரிந்தது. பிறகு ஒருநாள் நேரில் பார்த்தேன். ஒரு சிற்றூர் நூலகத்தில் நடந்தது. வியட்நாம் போருக்குப் போய் வந்த ஒருவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், நிற்கவே சிரமப்பட்டார். குயில்ட்டை இரண்டு பேர் விரித்துப் பிடித்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினோம். அவர் எதுவும் பேசவில்லை. குனிந்து ஓரத்துப் பட்டியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார், எங்கள் ஊர்க் கடைக்காரர் புடவை நெசவைப் பார்ப்பது மாதிரி. கொஞ்சநேரம் கழித்து, "இந்த ஓரம் கையால் தைத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இவ்வளவு நேரமா எனக்காக?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் போரிலிருந்து திரும்பியவர்களில் பலருக்கு அப்போது வரவேற்பு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஏச்சு வாங்கியவர்களும் உண்டு. சீருடையைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு ஐம்பது வருஷம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தவர்கள் அவர்கள்.

இதனால் அவர்களுடைய கெட்ட கனவு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. போர்வை போர்வைதான். அது மருந்தும் இல்லை, பென்ஷனும் இல்லை. அவர்களுக்கு அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். தொண்டர்கள் தைக்கிறார்களே என்று யாரும் அங்கே கைகழுவக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிலில் எழுதாமல் விட்டதும் எனக்குத் தெரியும். "போருக்கு ஆதரவு மாதிரி ஆகிவிடாதா?" என்று ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. இராக் போர் தப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்தப் போரை முடிவு செய்தவர்கள் யாருக்கும் நான் குயில்ட் தைக்கவில்லை. பத்தொன்பது வயதில் காலேஜ் ஃபீஸுக்கு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுப் போன பையனுக்குத் தைக்கிறேன்.

ஆனால் எல்லோரும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நம் சங்கத்தில் யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருவர் இருக்கிறார். அருமையான கைத்தையல். கூப்பிட்டேன். "எனக்கு உந்த யூனிஃபோர்மைக் கண்டாலே நெஞ்சு பதறும் அக்கா, எந்த நாட்டு ஆமியா இருந்தாலும். என்னால ஏலாது" என்றார். அவர் கண்டதை நான் காணவில்லை. அதற்குமேல் பேசாமல் வந்துவிட்டேன். இது யாரையும் வற்புறுத்தும் வேலை இல்லை. அவர் பெயரைச் சொல்லி மற்றவர்களையும் நிறுத்துவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

சம்பந்தம் என்ன என்றீர்கள். 2009இல் அமெரிக்க ராணுவம் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பச்சை அட்டைகூட இல்லாமல், படிப்பு விசாவிலும் வேலை விசாவிலும் இங்கே இருந்தவர்களை, தங்களுக்குத் தேவைப்பட்ட மொழி தெரிந்தால் சேர்த்துக்கொண்டது. குடியுரிமையும் சீக்கிரம் கிடைத்தது. 2016இல் ஆள் எடுப்பது நின்றுபோனது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆக, தமிழ் பேசத் தெரியும் என்ற தகுதியிலேயே இந்த ராணுவத்தில் சேர ஒரு வழி இருந்திருக்கிறது. நம் பொங்கல் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நாம் விசாரித்திருக்கிறோமா? எந்த கம்பெனி, எந்த விசா, எந்த ஊர் என்று மட்டும்தானே கேட்கிறோம்.

இன்னொரு சம்பந்தம், எனக்கு இதுதான் பெரியது. கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! எம்.எஸ்ஸி., பி.இ. படித்தவர்கள். சம்பளம் வாங்காமல் தொண்டு செய்வதற்கு அந்த விசா குறுக்கே நிற்காது. ஆறு மாதத்துக்கு வந்து, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் ஜன்னல் வழியாக ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! போன வருஷம் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு அம்மாவை எங்கள் தையல் குழுவுக்கு அழைத்துப்போனேன். துணி வெட்ட நாங்கள் வைத்திருக்கும், சக்கரம் மாதிரி உருளும் உருட்டுக் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலாலேயே, அட்டையை வைத்துக் கோடு போட்டு, எண்பது துண்டு வெட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்த எழுபத்தெட்டு வயது அமெரிக்க அம்மையாருக்கும் இவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஊசியில் நூல் கோத்துக் கோத்து ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது காரில், "பரவாயில்ல தாயி, இன்னிக்கு ஒரு பொழுது போச்சு" என்றார். மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

லேபிளில் பெயர் எழுதுகிறோம் என்றேனே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. சாங்கி என்றால் நமக்கு ஊருக்குப் போகும் வழியில் இறங்கும் சிங்கப்பூர் விமான நிலையம். 1942இல் அங்கே இருந்த சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள், ஆளுக்கொரு சதுரம் தைத்து மூன்று குயில்ட் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். காயம்பட்டுக் கிடக்கும் வீரர்களுக்கு என்று மருத்துவமனைக்கு அனுப்ப. மூன்றில் ஒன்று ஜப்பானிய வீரர்களுக்கு என்றே எழுதித் தைத்தது. எவ்வளவு சமயோசிதம் பாருங்கள், அப்புறம் காவல்காரன் எப்படி மறுப்பான்? சதுரங்களில் அவரவர் பெயர் இருந்தது. வேறு முகாமில் இருந்த கணவனுக்கு, மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய அந்தத் தையல் எழுத்துதான் வழி. இரண்டு குயில்ட்கள் இன்றும் ஆஸ்திரேலியாவில் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கின்றன. லேபிள் வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

ஆகவே, சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. பேனர் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். சாப்பாடு நாங்களே, புளியோதரையும் தயிர்சாதமும். மெஷின் இல்லாதவர்களுக்கு இஸ்திரி போடும் வேலை இருக்கிறது. ஆண்களும் வரலாம், துணி வெட்டுவதற்குக் கை நடுங்காத ஆள் வேண்டும். ஹாலை விட்டுப் போகும்போது தரையில் ஒரு பிசிறு கிடக்காது, ஊசி விழுந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடிவிட்டுத்தான் கிளம்புவோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அல்லவா.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். மேடைப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பிளக்கும் சமையலறை பிளக்கும் ஒரே பிரேக்கரில் வருகிறதா? போன வருஷம் வேறொரு இடத்தில் இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்டதும் மொத்த மெஷினும் நின்றுவிட்டது. ஒரே பிரேக்கர் என்றால் சொல்லிவிடுங்கள், நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி இரண்டு நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பழைய மெஷின்காரி அக்கா