படத்தின் முதுகில் எழுதிய பெயர்கள்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்திருக்கிறது. நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் எல்லோரும் நலந்தானே?

நீங்கள் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன கம்ப்யூட்டர் வந்து பத்து நாளாகிறது. பழையதில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவும் முடிந்துவிட்டது. இதில் ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. நம் குடும்பத்துப் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைக்கத் தனியாக 2 டிபி ஹார்ட் டிஸ்க் போடச் சொன்னேன்.

படங்களைத் திருத்தவும் அடுக்கவும் லைட்ரூமை எடுத்துக்கொள்ளுங்கள், மாதச் சந்தாவை நான் கட்டுகிறேன் என்று நீ போனில் சொன்னாய். ஏழு நாள் இலவசமாகப் போட்டுப் பார்த்தேன். அருமையான மென்பொருள், குறையே சொல்ல மாட்டேன். வாரா வாரம் பெரிய கேமராவில் ரா கோப்புகளாக (கேமரா பதிந்தபடியே வைக்கும் கோப்புகள்) எடுத்துத் தள்ளுகிறவர்களுக்கு அது கொடுக்கிற காசுக்குத் தகும். ஆனால் இப்போதெல்லாம் அதை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. சந்தா நின்றால் பட்டியலைப் பார்க்கலாம், திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். படம் திருத்தும் இன்னொரு மென்பொருளான போட்டோஷாப் எலிமெண்ட்ஸும் இப்போது மூன்று வருட உரிமமாக மாறிவிட்டது. என் பெட்டியில் இருப்பது அறுபது வருடப் படங்கள். எனக்குப் பிறகு அவை உன்னிடம் வரும், பிறகு உன் மகனிடம். அத்தனை காலம் யாராவது சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

பணம் மட்டும் காரணமில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

2012-இல் ஆச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அப்போது வைத்திருந்த ஒரு நிரலில் இருநூறு முகங்களுக்கு மேல் பெயர் கொடுத்தேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, இவர் இன்னார், இன்னார் மகன், இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறியபோது படக் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்தேன். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அவை படத்தோடு இல்லை, அந்த நிரல் தனக்கென்று வைத்திருந்த பட்டியலில் இருந்திருக்கின்றன. எனக்கு அது தெரியவந்தபோது பழைய டிஸ்க்கை அழித்தாகிவிட்டது. ஆச்சியும் அதற்குள் போய்விட்டாள்.

முப்பத்தொரு வருடம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு புத்தகம் வந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவதோடு விடமாட்டோம். அதே எண்ணைப் புத்தகத்தின் உள்ளேயும் எழுதி முத்திரை குத்துவோம். பதிவேடு கரையான் அரித்துப் போனாலும் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் புதிதாக எழுதிவிடலாம். அத்தை பழைய படங்களின் முதுகில் பென்சிலால் பெயர் எழுதி வைத்ததும் இதே முறைதான். அதனால் இந்த முறை எந்த மென்பொருளையும் ஒரே கேள்வி கேட்டேன்: நீ நாளை இல்லாமல் போனால், நான் எழுதிய பெயர் படத்திலேயே இருக்குமா?

இது வீண் பயமில்லை. பிகாசாவை நீயும் பயன்படுத்தியிருக்கிறாய். படங்களை அடுக்க அவ்வளவு பேர் விரும்பிய நிரல், 2016 மார்ச்சில் அதற்கான ஆதரவை கூகுள் நிறுத்திக்கொண்டது. கூகுள் போட்டோஸில் தேடும் வசதிக்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். போனில் எடுப்பவை அங்கேயே போகட்டும். ஆனால் 2021 ஜூனிலிருந்து எல்லாம் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் சேர்கிறது. முகங்களுக்கு நாம் கொடுக்கும் பெயரும் நம் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது. படத்தை இறக்கிக்கொண்டால் பெயர் அதற்குள் இருக்காது.

கடைசியில் நான் வைத்துக்கொண்டது டிஜிகேம். இலவசம், மூலநிரல் யாரும் பார்க்கத் திறந்தது, 2001 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. முதல் இரண்டு நாள் அதன் மெனுக்களில் தலை சுற்றும், அழகும் குறைவு. ஆனால் அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) என்ற பகுதியில், குறிச்சொல், தலைப்பு, தேதி, முகம் ஆகியவற்றைப் படத்துக்குள்ளேயே எழுது என்று டிக் செய்யலாம். செய்துவிட்டுச் சோதித்தேன். ஒரு படத்துக்கு "சுப்பையா பெரியப்பா, ஊர்க் கொடை" என்று தமிழில் குறிச்சொல் போட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே டிஜிகேம் கிடையாது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் திறந்தால், எழுத்து மாறாமல் பெரியப்பா பெயர் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கயல்.

திருத்தும் வேலைக்கு கிம்ப் போதும், அதுவும் இலவசம். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்கச் சிவந்து கிடக்கிறதே, அந்தக் காலத்து வண்ணப் பிரிண்ட்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், சிவப்பு மேலோங்கும். லெவல்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்தபோது அம்மாவின் பட்டுச்சேலை மறுபடி மயில்கழுத்து நிறத்துக்கு வந்தது. கீறல்களை அழித்தேன், முகங்களைத் தொடவில்லை. ஆச்சியின் நெற்றிச் சுருக்கத்தை வழவழப்பாக்கினால் அது ஆச்சியே இல்லை. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றும் வசதிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன, அதையும் நான் செய்யப்போவதில்லை. அந்தச் சேலை என்ன நிறம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

சாதாரண பிரிண்ட்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்கிறேன். நாலுக்கு ஆறு அங்குலப் படம், தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி வரும். சித்தப்பாவின் அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்த சின்னச் சதுரப் படங்களுக்கு மட்டும் 1200. டிஃப்பை மூலமாகத் தொடாமல் வைத்துவிட்டு, திருத்துவதெல்லாம் நகலில்தான். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், நீயும் கவனமாக இரு.

தேதிதான் பெரிய பாடு. 1968-இல் எடுத்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகிறது. ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். ஆண்டு உறுதியில்லாதவற்றுக்குத் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ஆண்டும் கேள்விக்குறியும் போடுகிறேன், நூலகத்தில் பதிப்பாண்டு தெரியாத புத்தகத்துக்குப் போடுவதைப் போல.

அத்தை வாரம் ஒருநாள் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறாள். எழுபத்தொன்பது வயதாகிறது. அந்தக் காலத்து முகங்களைத் தெரிந்தவர்களில் இப்போது அவள் ஒருத்திதான் பாக்கி. பெரிய திரையில் முகங்களைப் பெரிதாக்கிக் காட்டினால், "ஏல தம்பி, இவரத் தெரியாதா? நம்ம வீட்டுக்கு வெள்ளையடிக்க வருவாரே, தங்கையா" என்கிறாள். உடனே எழுதிவிடுகிறேன். ஒரு மத்தியானத்தில் இருபது முகத்துக்கு மேல் முடியவில்லை. நடுவில் ஒருவரைப் பற்றிக் கதை ஆரம்பித்துவிட்டால் நான் நிறுத்துவதில்லை. அவளுக்கும் தெரியாதவர்களுக்குப் "பெயர் தெரியாதவர்" என்றே குறிச்சொல் வைத்திருக்கிறேன், பதினேழு பேர் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைப் பொங்கலுக்கு வரும்போது நீ எடுத்துப்போ. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கக் கூடாது.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். குட்டிப்பயல் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பு. போட்டோவாக அனுப்பினால் அளவும் சுருங்குகிறது, எடுத்த தேதியும் உள்ளிருந்து போய்விடுகிறது. கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை வைத்துத்தான் நான் ஊகிக்கிறேன், அது நீ அனுப்பிய தேதிதான்.

இன்னொன்று, இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் பள்ளிச் சுற்றுலா, குற்றாலம் மெயினருவிக்கு முன்னால். உன் தோளில் கை போட்டுக்கொண்டு, ஒரு பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாளே, நம் வீட்டுக்குக்கூட வந்து சாப்பிட்டிருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். அவள் பெயர் என்னம்மா?

அன்புடன்,
அப்பா