பெண்களுக்கான முழுநீள நீச்சல் உடை மதுரைக் கடைகளில் கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் நீச்சல் பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் செய்தியும் படமும் போடுகிறீர்கள். படத்தில் இருப்பதெல்லாம் பையன்கள்தான். வயதுக்கு வந்த பெண்கள் ஏன் வருவதில்லை என்று யோசித்தால், முதலில் வந்து நிற்பது உடைப் பிரச்சினைதான்.

என் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நீச்சல் பழக ரொம்ப ஆசை. நீச்சல் குளத்தில் விசாரித்தபோது, காட்டன் துணியோடு இறங்கக் கூடாது, காஸ்ட்யூம் கட்டாயம் என்றார்கள். நியாயமான விதிதான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். பிசிறு போய் வடிகட்டியை அடைக்கும். நைட்டியோ துப்பட்டாவோ காலில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. சரி, வாங்கிவிடலாம் என்று மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஆண்களுக்கு விதவிதமாக அடுக்கியிருக்கிறார்கள். பெண்களுக்குக் கேட்டால் தொடையோடு நின்றுவிடுகிற உடை, இல்லையென்றால் சின்னப் பிள்ளைகள் அளவு. முழுக்கையும் கணுக்கால்வரை காலும் இடுப்பில் சின்னப் பாவாடையும் வைத்துத் தைத்தது இருக்கிறதா என்றால், "ஆன்லைன்ல பாருங்கம்மா" என்கிறார்கள்.

நீச்சல் உடையைப் படம் பார்த்து வாங்க முடியாது. போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து உப்பிக்கொண்டு பின்னால் இழுக்கும். துணியையும் கவனிக்க வேண்டும். லைக்ரா கலந்த நைலான் மிருதுவாக இருக்கும். ஆனால் குளோரின் தண்ணீரில் சீக்கிரம் தொய்ந்துவிடும். பாலியஸ்டரும், பிபிடி என்கிற குளோரினைத் தாங்கும் இழையும் கலந்தது நாள்பட உழைக்கும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லக் கடையில் ஒரு பெண் ஊழியர் வேண்டாமா? திருப்பூர் இருக்கிற மாநிலத்தில் இந்த உடைக்கா பஞ்சம்?

ஆஸ்திரேலியாவில் அஹெதா ஸானெட்டி என்ற பெண் 2004-லேயே தலைமுதல் கால்வரை மூடும் நீச்சல் உடையை வடிவமைத்துவிட்டார். சர்வதேச நீச்சல் சம்மேளனம் 2010-ல் பெண்கள் உடை தோளிலிருந்து முழங்காலுக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டது நீச்சல் குளப் போட்டிகளுக்காக. பழக வருகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? குட்டையோ நெட்டையோ, அவளுக்கு எது சௌகரியமோ அதைப் போடட்டும். எதைப் போட்டாலும் ஏற இறங்கப் பார்க்கிற கண்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் காலத்தில் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பழகினோம். அப்பத்தா பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட்டுத்தான் தள்ளிவிடும். அந்தக் கிணறுகளில் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. கண்மாயில் துணி துவைக்கப் போன பெண்ணும், அவளைக் காப்பாற்றக் குதித்த அக்காவோ தங்கையோ சேர்ந்தே மூழ்கிப் போகிற செய்தியை உங்கள் தாளில்தான் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நீச்சல் குளம் நடத்துபவர்கள், முழுநீள காஸ்ட்யூமுக்கும் அனுமதி உண்டு என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைக்கட்டும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற உடை மாற்றும் அறை, இவை மூன்றும் வேண்டும். கடைக்காரர்கள் பெரிய அளவுகளையும் வாங்கி வைக்கட்டும். அடுத்த பயிற்சி தொடங்குமுன் இதைச் செய்தால், எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து பெண்கள் சேரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.