ஈறில் இரத்தம் கசிந்தால்

ஐயா,

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி, துலக்குவதையே நிறுத்திவிட்டுக் கிராம்புத் தைலம் தடவிக்கொள்வோர் எங்கள் கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் இன்றும் உண்டு. உண்மையில், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலமே இதற்குப் பெரும்பாலும் காரணம்; அது இறுகிக் காரையாகிவிட்டால் வேப்பங்குச்சியோ பற்பொடியோ போதாது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால், பல நேரம் வலியே இல்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதால், ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரிவதையும், ஓயாத வாய் நாற்றத்தையும், பல் ஆட்டத்தையும் வயதின் கோளாறு என்று ஒதுக்கக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு இரத்தக் கசிவுகூட மறைந்துபோகலாம் என்பது இன்னும் மோசம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும் என்பதால், மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரின் ஈறுகளையும் பார்த்து அனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்