இந்த முறையாவது ஊரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுவுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மெகாவாட் கூடும், எவ்வளவு முதலீடு வரும் என்று எல்லாம் விவரமாக இருந்தது. காற்றாடிக்குக் கீழே குடியிருக்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஊர் பணகுடிக்குத் தெற்கே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. ஆடியில் கொடியில் துணி நிற்காது. அந்தக் காற்றுக்கும் விலை உண்டு என்பது தொண்ணூறுகளில் முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் வரிசையாக எழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வரிச்சலுகை இருந்ததால் வெளியூர் மில்காரர்கள் போட்டி போட்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தரகர்கள் வந்தார்கள். அப்பா மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்று அக்கா கல்யாணத்தை முடித்தார். யாரும் மிரட்டி வாங்கவில்லை. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை. தென்னந்தோப்பு போடப் போகிறார்கள் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

காற்றாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி பதினொரு வருடம் அதில்தான் காவலாளியாக இருந்தான். பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறது. புகையும் கதிர்வீச்சும் இல்லாத மின்சாரத்தின் அருமையை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மனம் ஆறாதது ஓடை விஷயத்தில்தான். கிரேன் போவதற்காக எங்கள் குளத்துக்கு வரும் ஓடையின் குறுக்கே சரள் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டார்கள். தண்ணீர் போக ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஓடைத் தண்ணீர் பாதையில் முட்டி, பக்கத்து நிலத்தில் ஏறி, அங்கிருந்த உளுந்தை அழுகடித்தது. கீழே குளம் கால்வாசிகூட நிறையவில்லை. அம்மா மடையில் நின்று கையைக் கீழே விட்டுப் பார்த்தாள். முழங்கை நனையவில்லை. நிறுவனத்தைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கை காட்டினார்கள். ஒப்பந்ததாரர் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். அப்புறம் அந்தக் காற்றாடியே இரண்டு தடவை கைமாறிவிட்டது. இன்றைய முதலாளி யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

காற்றாலைத் திட்டங்கள் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் வருவதில்லை. அதனால் அதன்படி நடக்கும் மக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. சுத்தமான மின்சாரம் என்பதால் கொடுத்த விலக்கு. சரி. ஆனால் காற்று சுத்தம் என்பதற்காக ஓடையை அடைக்கலாம் என்று அர்த்தமில்லையே.

பழைய காற்றாடிகளைப் புதுப்பிக்க 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. 250 கிலோவாட் இயந்திரம் நின்ற பகுதியில் இனி இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்கள் வரும். ஒரு இறக்கையே அறுபது மீட்டருக்கு மேல். அதை ஏற்றிவரும் லாரி திரும்ப வேண்டுமென்றால் பாதையை இன்னும் அகலமாக்குவார்கள். காலை வெயிலில் இறக்கையின் நிழல் எங்கள் முற்றத்தை வெட்டி வெட்டிப் போவது இப்போதே உண்டு. கோபுரம் உயர்ந்தால் நிழலும் நீளும்.

எனவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தடவை எங்களைக் கேட்காமலே எல்லாம் நடந்துவிட்டது. இந்தத் தடவை கழற்றுவதற்கு முன்னால் கிராம சபையில் வந்து சொல்லுங்கள். எந்த இடம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பாதை எந்த ஓடையைத் தாண்டுகிறது என்று கிராம வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். பழைய கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கொடுங்கள். பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்கட்டும்.

எங்கள் ஓடையில் நான்கு குழாய் பதிக்கச் சொல்லி வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுக்க இருக்கிறோம். உங்கள் நிருபர் ஒருவர் அன்றைக்கு வந்தால் நன்றாக இருக்கும். பாதை மறித்த இடத்திலிருந்து குளம் வரை நானே கூட்டிக்கொண்டு நடக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்